மதுஜாவின் பெயர் இரண்டு தரம்

எங்கள் நகரத்தில் பாலசிங்கத்தாரைத் தெரியாத தமிழர் இல்லை. நாங்கள் வந்து குடியேறிய, துன் ஏரிப் பக்கத்துச் சின்ன நகரம் இது. எல்லாருக்கும் அவர் பாலண்ணை. யாருக்காவது அரசாங்கக் கடிதம் வந்தால் உறையைப் பிரிக்காமலே அவர் வீட்டுக்குக் கொண்டுபோவோம். வரிப் படிவம், பிள்ளையின் பள்ளிக்கூடப் படிவம், விசா நீடிப்பு, பிரஜாவுரிமை விண்ணப்பம் எல்லாவற்றையும் அவரே நிரப்புவார். நாங்கள் கீழே ஒப்பம் வைத்துவிட்டு வருவோம்.

நானும் அவரும் ஒரே ஹோட்டலில் பாத்திரம் கழுவத் தொடங்கினவர்கள். நான் கழுவிக் களைத்துப் படுத்தேன். அவர் இந்த ஊர்ப் பாஷையான டொச் படித்தார். அவருடைய எழுத்து கலியாணக் கார்டில் அச்சடித்த மாதிரி இருக்கும். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. ஒரு படிவத்தை முடித்தால் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து ஒருதரம் பார்ப்பார். நாங்கள் "ஆகா" என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் தேத்தண்ணி வராது.

அவருக்கு ஒரே மகள், மதுஜா. இங்கேயே பிறந்தவள், பாலர் பள்ளி ஆசிரியை. நகரசபைத் தேர்தலில் நிற்கப்போகிறாள் என்று இடதுசாரிக் கட்சி அறிவித்த அன்று பாலண்ணை எங்கள் எல்லாருக்கும் ஃபோன் எடுத்தார். எனக்கு இரண்டு தரம் எடுத்தார்.

இந்த நாட்டுத் தேர்தலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர்களின் பெயர்ப்பட்டியலை அச்சடித்து வீட்டுக்கு அனுப்பும், அதுதான் வாக்குச்சீட்டு. பிடிக்காத பெயரை நாங்கள் பேனாவால் வெட்டலாம். வெட்டிய இடத்தில் பிடித்த ஆளின் பெயரை இன்னொரு தரம் எழுதலாம், அவருக்கு இரண்டு வாக்கு. சில வேளை கட்சியே ஒருவரின் பெயரை இரண்டு தரம் அச்சடித்துவிடும். அப்படி அச்சடித்தால் அவர் பாதி வென்ற மாதிரி. மதுஜாவின் பெயரை இரண்டு தரம் அச்சடிப்போம் என்று கட்சித் தலைவர் ஹன்ஸ்பீட்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதற்கிடையில் அந்த வாக்கெடுப்பு வந்தது. வெளிநாட்டவர் வருகையைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். 'ஓம், வேண்டும்' என்ற பக்கம் மயிரிழையில் வென்றது. எங்கள் நகரத்தில் மயிரிழை எல்லாம் இல்லை, அமோகமாக வென்றது. அதிலும் பழைய தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இருக்கும் மாடிவீடுகளில்தான் அதிகம். தலைமுறை தலைமுறையாக இடதுசாரிக்கு வாக்குப் போட்ட சனம் அது. எங்கள் ஆட்களிலேயே இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போர்ட் எடுத்த சிலபேர், இனி வருகிறவர்களால் வாடகை ஏறும் என்று சொல்லி 'ஓம்' போட்டார்கள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த நாளே கணக்கெல்லாம் மாறிப்போனது. 'ஓம்' கேட்ட கட்சி நகரசபையில் கூடுதல் இடம் பிடிக்கும், இடதுசாரிக்கு அடி விழும் என்று பேப்பர்கள் எழுதின. ஹன்ஸ்பீட்டருக்குக் காய்ச்சல் பிடித்துவிட்டது. ஒரு சனிக்கிழமை அவர் பாலண்ணையின் வீட்டுக்கு வந்தார். யசோதரா அக்கா, பாலண்ணையின் மனைவி, பொரித்து வைத்த ரோல்ஸ் முழுவதையும் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: மதுஜாவின் பெயர் பட்டியலில் ஒருதரம்தான் வரும், போஸ்டரில் படமும் வராது. உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, இப்போதைக்கு நகரத்தின் மனநிலை அப்படி என்றார். வானிலை அறிக்கை வாசிக்கிறவர் மாதிரி அவ்வளவு அமைதியாகச் சொன்னார்.

மதுஜா அழவில்லை. "பரவாயில்லை அப்பா. நான் வீடு வீடாப் போய்க் கேக்கிறன்" என்றாள்.

சொன்னபடியே போனாள். அந்த மாடிவீடுகளுக்குத்தான் முதலில் போனாள். பாலண்ணை காரோடு கீழே காத்திருப்பார். சில கதவுகள் திறக்கவில்லை. சில கதவுகள் திறந்து, அவளைப் பார்த்ததும் மூடிக்கொண்டன. ஒரு நாள் ஒரு வயதான அம்மா உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கொடுத்து, "நான் 'ஓம்' போட்டனான், ஆனால் உன்னை மாதிரி ஆட்களுக்காக இல்லை" என்றாவாம். மதுஜா காரில் ஏறி வீடு வரும்வரை அழுதாளாம். "என்ர பிள்ளை இவ்வளவு காலத்தில இப்பிடி அழேல்லை ராசா" என்று பாலண்ணை என்னிடம் சொன்னார். அன்றைக்கே அவர் மனதில் முடிவெடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

வாக்குச்சீட்டு உறைகள் வந்ததும் எல்லாரையும் கோயில் மண்டபத்துக்கு வரச் சொன்னார். நாங்களும் வழக்கம்போல உறையைப் பிரிக்காமல் கொண்டுபோனோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சீட்டிலும், தானும் வேட்பாளராய் நின்ற ஹன்ஸ்பீட்டரின் பெயரை ஒரே கோட்டில் வெட்டினார். அந்த இடத்தில் 'மதுஜா பாலசிங்கம்' என்று எழுதினார். எழுதித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நாங்கள் "ஆகா" என்றோம். நான் அன்றைக்கு இரண்டு தரம் சொன்னேன்.

யசோதரா அக்காதான் கேட்டா, "இதெல்லாம் சரியோப்பா? பிள்ளையிட்ட ஒருக்காக் கேப்பமே?"

"அவளிட்டச் சொல்லாதையும், வேண்டாம் எண்டுதான் சொல்லுவாள். வாக்காளர் அட்டையில அவரவர்தானே ஒப்பம் வைக்கினம்? வரிப் படிவம் மாதிரித்தான். நான் நிரப்புறன், அவை வைக்கினம்."

எங்கள் ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. இவ்வளவு காலமும் அப்படித்தானே வாழ்ந்தோம்.

தேர்தல் ஞாயிறு நகரமண்டபத்தில் நல்ல கூட்டம். மதுஜா கட்சிக்காரர்களோடு முன்னால் நின்றாள், நாங்கள் பின்னால். முடிவை வாசிக்க முதல் அதிகாரி ஒரு அறிவித்தல் செய்தார். வாக்குச்சீட்டை அவரவர் தன் கையால் நிரப்ப வேண்டும், ஒரே ஆளின் எழுத்தில் நிரப்பிய ஒரு கட்டுச் சீட்டுகள் செல்லாது என்று ஒதுக்கியிருக்கிறோம் என்றார். பிறகு முடிவு வந்தது. இடதுசாரிக்கு ஒரு இடம் போய்விட்டது. 'ஓம்' கேட்ட கட்சிக்கு அந்த இடம் கிடைத்தது. ஒதுக்கிய அந்தக் கட்டு எண்ணப்பட்டிருந்தால் இடமும் போயிராது, மதுஜா அதில் உட்கார்ந்திருப்பாள். இப்போது அவள் காத்திருப்போர் வரிசையில் முதலாவது ஆள். சபையில் அவளின் கட்சிக்காரர் யாராவது விலகினால்தான் உள்ளே போகலாம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். பாலண்ணையின் முகத்தைப் பார்த்த உடனே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்பா, நீங்களோ?"

"உனக்காண்டித்தான் பிள்ளை…"

"எங்கட ஆக்களில ஆர் எனக்குத் தங்கட கையால போட்டிருப்பினம், ஆர் போட்டிருக்கமாட்டினம் எண்டு இனி எனக்குத் தெரியவே வராது. அதுக்குத்தானே அப்பா நான் படி படியா ஏறி இறங்கினனான்." சத்தம் போடாமல்தான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திராது.

அந்தக் கிழமை வென்ற கட்சி, 'இவர்கள் வாக்களிப்பது இப்படித்தான்' என்று ஒரு நோட்டீசை எல்லாத் தபால்பெட்டியிலும் போட்டது. என் பெட்டியிலும் கிடந்தது. காத்திருப்பு வரிசையில் இருந்தும் விலகச் சொல்லி ஹன்ஸ்பீட்டர் மதுஜாவைக் கேட்டார். விலகினாள். ஃப்ரிபூர்க் நகரத்தில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தாயோடு ஃபோனில் கதைப்பாள். தகப்பனைக் கேட்பதில்லை. எங்கள் சனமும் பயந்துபோய்க் கடிதங்களைக் கைபேசியில் மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டது. பாலண்ணை வீட்டு மேசை வெறுமையாகக் கிடந்தது.

தை மாதம் பொலிசிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. மற்றவர்களின் வாக்குச்சீட்டைச் சேர்த்து நிரப்புவது இங்கே குற்றம். நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்: "பாலண்ணை, எழுதிக் காட்டச் சொல்லுவாங்கள். கோணல் மாணலா எழுதுங்கோ. எங்கட ஆக்கள் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். உங்கட எழுத்து இல்லையெண்டால் அவங்களால ஒண்டும் செய்யேலாது." அவர் "ஓமோம்" என்றார்.

பொலிஸ் பிள்ளை மரியாதையான பிள்ளை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்து, 'மதுஜா பாலசிங்கம்' என்று தாள் நிறையும்வரை எழுதச் சொன்னாள். பாலண்ணை கண்ணாடியைப் போட்டார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தேன். முதல் வரியே அச்சு மாதிரி விழுந்தது. இரண்டாம் வரியும் அப்படியே. ஒவ்வொரு வரியும் முந்தியதைவிட வடிவாக இருந்தது. கடைசி வரி முடிந்ததும் அவர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விசரே உங்களுக்கு? என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தனான்?"

"கோணலாத்தான் எழுத வெளிக்கிட்டன் ராசா. கை போகேல்லை." காரில் ஏறி உட்கார்ந்தார். "அவளின்ர பேரையெல்லோ எழுதச் சொன்னவை."

பிறகு குனிந்து அழுதார். பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்திக்கொண்டே இருந்தது.