தங்கராஜ் மாமா உலர்த்திய புகையிலை

என் தாய்மாமன் தங்கராஜைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் புகையிலைதான் வருகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அந்த மனிதர் அப்படி.

மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மூலனூர்ப் பக்கத்திலிருந்து முப்பது வருஷத்துக்கு முன்னால் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர். அருள்புரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனி. கைக்குழந்தைகளுக்கான உடுப்பு மட்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. அங்கே அவர் அயர்ன் மாஸ்டர், நான் குவாலிட்டி இன்சார்ஜ். என் பெயர் மதுமதி. அப்பா இறந்த வருஷம், படிப்பை முடித்துவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்த என்னை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போய், முதலாளி முன்னால் நிறுத்தி, "என்ற தங்கச்சி புள்ளைங்க, நான் ஜவாப்புங்க" என்று சொல்லி வேலை வாங்கித் தந்தது அவர்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே ஆறு வருஷமாக நான் அவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. உள்ளங்கை அகலமுள்ள குழந்தைச் சட்டையில் கழுத்துப் பட்டி வளையாமல் அயர்ன் போடுவது எல்லாருக்கும் வராது. துணியைத் தொட்டுப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். என் மாய்ஸ்ச்சர் மீட்டரை வைத்துப் பார்த்தால் அதே அளவுதான் வரும். வந்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கீழுதட்டுக்குள் ஒதுக்கிய புகையிலை தெரியும்.

பதினாறு வயதில் பிடித்த பழக்கம். பல் டாக்டர் போன வருஷமே விட்டுவிடச் சொன்னார். மாமா பல் டாக்டரிடம் போவதை விட்டுவிட்டார். பிறகு கடைப் புகையிலையில் ருசியே இல்லை, எல்லாம் சர்க்கரைத் தண்ணீரும் சாயமும் என்று குறை சொல்ல ஆரம்பித்தார். போன ஐப்பசியில் மூலனூரிலிருந்து நாற்று வாங்கி வந்து, அவர் குடியிருக்கும் எட்டு வீட்டு லைனுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் நாற்பது செடி நட்டார்.

"முருங்கை வெச்சாச் சாம்பாருக்காச்சும் ஆகுமுங்க மாமா" என்றேன்.

"முருங்கையை வாயில ஒதுக்க முடியுமா அம்மிணி?" என்றார். இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

வளர்ந்த வரைக்கும் தொல்லை இல்லை. மாசியில் இலையை ஒடித்தார், எங்கள் நிம்மதியும் அன்றோடு போயிற்று. சாதாரணக் கயிற்றில் கட்டினால் காம்பு காயக் காயச் சுருங்கி இலை நழுவிக் கீழே விழும். அதற்காக மாமா கம்பெனிக் கழிவில் கிடந்த இடுப்பு எலாஸ்டிக்கை எடுத்து வந்து கோத்தார். காம்பு சுருங்கினால் எலாஸ்டிக்கும் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் என்று அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். யோசனை சரியாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். எட்டு வீட்டுக்கும் பொதுவான துணிக் கொடியில் மூன்று வாரம் புகையிலை தொங்கியது. அந்த எட்டு வீட்டுச் சேலையும் பாவாடையும் எங்கே போகும்? மாமாவின் மனைவி மயிலாள் அத்தைதான் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள்.

எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை போன் வரும். "காம்பு இன்னும் வளையுது அம்மிணி. ஒடிஞ்சாத்தான் காஞ்சதுன்னு அர்த்தம்." நான் கேட்டேனா?

காய்ந்த பிறகு வெல்லத் தண்ணீர் தெளித்து, குவித்து வைத்து, சாக்குப் போட்டு மூடினார். உள்ளே சூடேறி இலை பதப்பட வேண்டுமாம். மூன்று நாளைக்கு ஒரு தடவை பிரித்துப் புரட்ட வேண்டும். ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஒரு வாரம் புரட்ட மறந்துவிட்டார். பிரித்தால் வெள்ளையாகப் பூஞ்சை. ஒவ்வொரு இலையாகத் துடைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். கார்ட்டன் பெட்டிக்குள் ஈரம் தங்காமல் இருக்க நாங்கள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவோம். அது வேண்டுமாம். தொல்லை விட்டால் போதும் என்று இரண்டு கையாலும் அறுபது பொட்டலம் அள்ளிக் கொடுத்தேன். கையோடு மாய்ஸ்ச்சர் மீட்டரையும் வாங்கிக்கொண்டு போனார்.

அளவு என்ற ஒன்று உண்டே! அறுபது பொட்டலத்தையும் ஒரே பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி வைத்தால் என்ன ஆகும்? இலை அப்பளமாக நொறுங்கியது. தொட்டால் தூள்.

"ஊருல இருந்தா வெடியால பனியில போட்டாப் போதும், மெத்துன்னு ஆயிரும். பங்குனி மாசத்துல அருள்புரத்துல பனிக்கு எங்க போறது?" என்று புலம்பினார். நான் காதிலேயே வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை, "நாளைக்கு வந்து அயர்ன் டேபிள் துணி மாத்தோணும், ஒரு கையெழுத்துப் போடு அம்மிணி" என்று ஞாயிற்றுக்கிழமை கேட் பாஸை நீட்டினார். படித்துக்கூடப் பார்க்காமல் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் நம்பர் டேபிளில் அயர்ன் போட்ட வெள்ளைச் சட்டைகள் அறுநூறு என் மேஜைக்கு வந்தன. வியாழக்கிழமை, சரக்கை வாங்குகிற வெளிநாட்டுப் பையரின் ஆள் வந்து இறுதிச் சோதனை செய்வார். முதல் சட்டையை விரித்ததும் நாற்றம். முதுகுப் பக்கம் மங்கலான மஞ்சள். மூன்று மாதக் குழந்தைக்கான சட்டை அது. அந்த வயதில் குழந்தை சட்டைக் கைநுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டேதான் கிடக்கும்.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. வெறும் புகையிலை நாற்றம் என்றால்கூட யாரோ என்று நினைத்திருப்பேன். இது வெல்லமும் பூஞ்சையும் கலந்த நாற்றம், ஒரு மாதமாக அத்தை வீட்டில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன அதே நாற்றம். மாமா பனிக்குப் பதிலாக ஆவியைக் கண்டுபிடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில், ஓரமாக இருக்கிறது என்று மூன்றாம் நம்பர் டேபிளில் இலையைப் பரப்பி ஸ்டீம் அடித்திருக்கிறார். டேபிளின் மேல் துணியை மாற்றியவர் அடியில் இருக்கிற ஸ்பாஞ்சை மறந்துவிட்டார். திங்கட்கிழமை முழுக்க அந்த ஸ்பாஞ்சிலிருந்து சூட்டோடு புகையிலைச் சாறு ஏறி ஏறி வந்திருக்கிறது. முப்பது வருஷம் ஆவியோடு வேலை செய்த மனிதருக்கு இது தெரியாதா?

அறுநூறு சட்டை லாட்டையும் வெளியே போகாமல் நிறுத்தினேன். முதலாளி வேல்குமார் வந்து முகர்ந்து பார்த்தார்.

"எந்த டேபிளுங்க மேடம்?"

"மூணாம் நம்பருங்க சார்."

மூன்றாம் நம்பரில் அயர்ன் போடுகிறவர் முன்னா. பீகார்க்காரர், மூன்று குழந்தைக்குத் தகப்பன். உள்ளங்கையில் கைனிப் புகையிலையைத் தேய்த்து வாயில் போடுவார் என்பது கம்பெனி முழுக்கத் தெரியும். வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. "கைனியக் கொண்டாந்து டேபிள்ல கொட்டியிருக்கறான். வெளிய அனுப்புங்க" என்றார் முதலாளி. முன்னா இந்தியில் என்னவோ சொன்னார், கையைக் கூப்பினார். சூப்பர்வைசர் அவருடைய பையை எடுத்துக் கொடுத்துக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டார்.

மாமா முதல் டேபிளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். அயர்னை எடுத்து அடுத்த சட்டையின் மேல் வைத்தார்.

இப்போது பேசுவார், இப்போது பேசுவார் என்று பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயதில் வேலை போனால் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது. அது எனக்கும் தெரியும். அதனால் நானாகச் சொல்ல மனம் வரவில்லை. அவரே போய்ச் சொன்னால் முதலாளி கொஞ்சம் இறங்கி வருவார் என்று ஒரு நப்பாசை. பதினோரு மணி டீக்கு மணி அடித்தது. மாமா டீ குடித்தார். சாப்பாட்டு நேரத்தில் தூக்குப்போசியைத் திறந்து, "கத்திரிக்காய்க் கொளம்பு, உனக்கு வேணுமா அம்மிணி?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போசியை வாங்கிக் கவிழ்த்திருப்பேன்.

என் மேஜைக்கு எதிரே ஜன்னல். முன்னா போகவில்லை. கேட்டுக்கு எதிரில் மின்கம்பத்தின் அடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் நகர நகர அவரும் நகர்ந்து உட்கார்ந்தார். யாரோ ஒரு ஆள் அவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு எழுந்து முதலாளி அறைக்குப் போனேன். கேட் பாஸில் கையெழுத்துப் போட்டது நான், சிலிக்கா ஜெல் கொடுத்தது நான், புகையிலை மாமாவுடையது, ஸ்டீம் அடித்தது மாமா. ஒன்று விடாமல் சொன்னேன். முதலாளி மாமாவைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், மேடம் சொல்றது நெசமுங்களா?"

"நெசந்தானுங்க."

"அப்பொ நாளையிலிருந்து நீங்க வர வேண்டாங்க."

கொங்கு மரியாதை. வேலையை விட்டு அனுப்பும்போதும் 'ங்க' போட்டுத்தான் அனுப்புவோம். மாமா தலையை ஆட்டிவிட்டு, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நடந்தார். சட்டைகளை மறுபடி துவைக்கக் கொடுத்தார்கள். சோதனை நாலு நாள் தள்ளிப்போனது. என்னை எச்சரித்ததோடு விட்டுவிட்டார்கள். முன்னாவை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஆறு மணிக்கு மாமா வீட்டுக்குப் போனேன். அழத்தான் போனேன் என்று நினைக்க வேண்டாம், சண்டை போடப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து அந்தப் பாழாய்ப்போன இலையை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆவியில் அது நன்றாகவே பதப்பட்டிருந்தது, மடித்தாலும் உடையவில்லை.

"வாய் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க மாமா? ஒண்ணுந் தெரியாத ஆளு நாள் பூராவும் வெயில்ல உக்காந்திருந்தாருங்க. உங்களுக்கு எப்படிங்க சோறு எறங்குச்சு?"

"தப்புத்தான்" என்றார். "நான் செஞ்சது தப்புத்தான். நீ போய்ச் சொன்னதுல எனக்கு வருத்தமே இல்ல."

அடுக்கின இலையை நூலால் கட்டினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"நாத்தத்த மோந்தவொடனே உனக்கு நாந்தான்னு தெரிஞ்சுபோச்சில்ல அம்மிணி?"

"தெரிஞ்சுதுங்க."

"அவனைச் சொன்னப்ப நீயும் அங்கதான இருந்த?"

நான் அவர் கையிலிருந்த இலைக் கட்டைப் பார்த்தேன்.

"நீ ஏதாச்சும் சொல்லுவன்னு உன்ற மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னேன். நீ சொல்லுல. சரி, புள்ள நமக்காகச் சும்மா இருக்குது, இப்ப நாம வாயத் தொறந்தா அதும் சேந்து மாட்டிக்கும்னு நானும் இருந்துபோட்டேன்." குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. ஈரம் எவ்வளவு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அத்தை டீ கொண்டு வந்து வைத்தாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. காலையிலிருந்து அவர்மேல் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை மூன்றாம் நம்பர் டேபிளுக்குப் புது ஸ்பாஞ்ச் போட்டிருந்தார்கள். முன்னா என் மேஜைக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தார். தெரிந்த தமிழில் தட்டுத் தடுமாறிப் பேசினார்.

"மேடம் நல்ல மேடம். சொந்த மாமா. ஆனா மேடம் உடனே சொல்லிட்டாங்க. சார் எனக்குச் சொன்னாரு."

பத்து மணிக்குத் தெரியும், நாலு மணிக்குத்தான் சொன்னேன் என்று அந்த மனிதரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல எனக்கு இந்தி வராது என்று நினைத்துக்கொண்டேன். பத்து, நாலு என்பதற்கு விரலைக் காட்டினால் போதும். டீயை வாங்கிக் குடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே தன் டேபிளுக்குத் திரும்பிப் போனார்.