மாப்பிள்ளை வருவதற்குள் பந்தி போட்டோம்

மலாயாவில் அவசரகாலச் சட்டம் அமலில் இருந்த வருஷங்கள். லாபு பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் எனக்குக் கல்யாணம். வரிசையாக இருந்த எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட், அதில் துப்பாக்கியோடு காவல். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்ட விடமாட்டார்கள். அரிசியும் அளந்துதான் கிடைக்கும். இந்து வீடு, வேதக்காரர் வீடு என்று பார்க்காமல் லயமே கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்துக் கொடுத்த அரிசிதான் அன்று அடுப்பில் வெந்தது.

மாப்பிள்ளை லுக்குட் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று நான் அவரை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்ததோடு சரி. காலை பத்து மணிக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் திருமணம் என்று ஏற்பாடு. போதகர் முந்தின நாளே வந்துவிட்டார். வெள்ளைச் சேலையும் முக்காடுமாக நான் உட்கார்ந்திருந்தேன். பத்து போய்ப் பன்னிரண்டும் ஆகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டு லோரியைக் காணோம். சாலையை மூடிவிட்டார்கள் என்று கேட்டில் நின்ற மலாய்க்காரக் காவலர் சொன்னார். லுக்குட் ரோட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாக வெளியே பேசிக்கொண்டார்கள். அப்பா கேட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ஜெபம் பண்ணு என்றார் அம்மா. கண்ணை மூடினால் எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

அப்போதுதான் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே ஒரு லோரி நின்றிருந்தது. வேறொரு எஸ்டேட்டு ஆட்களைப் பாய், சட்டி, கோழியோடு குடும்பம் குடும்பமாகப் புது இடத்துக்கு மாற்றிக்கொண்டு போகிறார்களாம். போகிற வழி மூடியதால் வெயிலில் நிற்கிறார்கள். விடியும்போது கிளம்பியவர்கள், இன்னும் சாப்பிடவில்லை. நான் எஸ்டேட் பிள்ளைக் கொட்டகையில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள். பசிக்கு அழுகிற குழந்தையின் குரல் எனக்குத் தெரியாதா? அதற்குமேல் உட்கார முடியவில்லை. சமைத்ததை அவர்களுக்குப் போட்டுவிடலாம் என்றேன்.

அம்மா திகைத்துப்போனார். “மாப்பிள்ளை இன்னும் வரல, அதுக்குள்ள பந்தியா? சனங்க என்னா பேசும்?”

“நான் உக்காந்து அழுதா லோரி சீக்கிரம் வந்துருமா, அம்மா? கர்த்தர் அவரக் கொண்டாந்து சேப்பாரு. அதுவரைக்கும் இந்தப் பிள்ளைங்க சாப்பிடட்டும்லா.”

அம்மா போதகரைப் பார்த்தார். அவர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டார்.

ஆனால் காவலர் விடவில்லை. சாப்பாடு கேட்டைத் தாண்டக் கூடாது, அதுதான் சட்டம் என்று கையை விரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைத்தெருவில் கேட்டுப் பழகிய பாசார் மலாயில், சாப்பாடு வெளியே போகக் கூடாது சரி, ஆட்கள் உள்ளே வரலாமா என்று கேட்டேன். முக்காடு போட்ட கல்யாணப் பெண்ணையும், வாளியோடு நின்ற போதகரையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால். மேலதிகாரியிடம் போய்க் கேட்டு வந்து, அடையாள அட்டைகளைப் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விட்டார்.

பள்ளிக்கூட வாசலில் வாழையிலை போட்டோம். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பரிமாறும்போதும் ஒரு கண் கேட்டிலேயே இருந்தது. ஆனால் இலைக்கு இலை குனிந்தபோது, அதுவரை வராத ஜெபம் தானாக வந்தது. அவரைப் பத்திரமாகக் கொண்டுவாரும் என்று ஓர் இலைக்கு, இந்தப் பிள்ளையின் வயிறு நிறையட்டும் என்று அடுத்த இலைக்கு. ஒரு சின்னப் பெண் என் முக்காட்டைப் பிடித்து இழுத்து இன்னொரு அப்பளம் கேட்டாள். அன்றைக்கு நான் முதலில் சிரித்தது அப்போதுதான்.

நாலு மணி வாக்கில் சாலை திறந்தது. மாப்பிள்ளை வீட்டு லோரியும் வந்து சேர்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வழியில் மறித்து நாள் முழுக்க நிறுத்தி வைத்திருந்தார்களாம். தலையெல்லாம் செம்மண் தூசியோடு இறங்கினார் மாப்பிள்ளை. எச்சில் இலைகளையும், முன்பின் தெரியாத கூட்டத்தையும், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரசம் ஊற்றிய என்னையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“கல்யாணம் முடிஞ்சிருச்சா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நீங்க வராம எப்படிங்க முடியும்?” என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சே அதுதான். கூட்டம் முழுக்கச் சிரித்தது. என் அப்பா மட்டும் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு ஊரடங்கு. அந்த இன்னொரு லோரியின் டிரைவர் கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தினார். கல்யாணச் சோறு சாப்பிட்டுவிட்டுத் தாலி கட்டுவதைப் பார்க்காமல் எப்படிப் போவது என்று அந்தப் பெண்கள் அசையவில்லை. போதகர் கையைக் கழுவி, அங்கியை மாட்டிக்கொண்டு சுருக்கமாக நடத்தி வைத்தார். தாலி ஏறியதும் அவர்கள் போட்ட குலவையில், எங்கள் ஆட்கள் பாடிய ஞானப்பாட்டே கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு மிஞ்சியது ரசமும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். ஊரடங்கால் அவர்கள் திரும்பிப் போகவும் முடியவில்லை. லயத்தில் வீட்டுக்கு ஓர் அடுப்பு எரிந்தது. மரவள்ளிக்கிழங்கு அவித்து, கருவாடு சுட்டு, சாப்பிட்டுக்கொண்டே சிரித்தோம். அதைவிடப் பெரிய விருந்தை நான் சாப்பிட்டதில்லை.

என் வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே கர்த்தரிடம் போய்விட்டார். மறுபடியும் அவரைக் காண்பேன் என்று நம்பிக் காத்திருக்கிறேன். ஆனாலும் காலையில் கண் விழித்ததும், இன்றைக்கு யாருக்கு என்ன செய்யலாம் என்பதுதான் முதலில் மனதில் வருகிறது. அந்த நினைப்பு வந்துகொண்டிருக்கும்வரை, அவரைக் காணக் காத்திருப்பது எனக்குப் பாரமாகவே இல்லை.