சிவப்பு அட்டையில் வெட்டிய பிக்

கித்தார் வாசிப்பவர்கள் இடது கையைப் பற்றித்தான் பெருமையடித்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் வில்லங்கமெல்லாம் வலது கையில்தான் இருக்கிறது. அந்தக் கையை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாமல் பத்து வயதில் நான் செய்த காரியத்தால், எங்கள் வீட்டில் இரண்டு நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அப்போது ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில் இருந்தோம். கித்தார் அண்ணனுடையது. அவன் தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போன பிறகுதான் அது என் கைக்கு வரும். அம்மாவின் கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் பக்கவாட்டில், தந்தியை மீட்டும் சின்னப் பிளாஸ்டிக் துண்டான பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலைப் படுக்கவைக்க வேண்டும். நுனி மட்டும் கொஞ்சம் வெளியே தெரியலாம். முழங்கை ஆடக்கூடாது, மணிக்கட்டுதான் ஆட வேண்டும். பிடி தளர்வாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் மட்டும் எனக்கு வரவே இல்லை. தளர்த்தினால் விழுந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவேன். கை விறைத்துப்போகும், பிக் தந்தியில் மாட்டித் திரும்பிக்கொள்ளும். பின்வாசல் படியில் உட்கார்ந்து வாசித்த ஒருநாள் அப்படித் திரும்பி, எகிறி, சாக்கடையில் போய் விழுந்தது.

அண்ணனிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அவன் வருவதற்குள் வேறொன்று செய்தாக வேண்டும். மார்ஜரின் டப்பா மூடியை வெட்டிப் பார்த்தேன். தொளதொளவென்று வளைந்ததே தவிர தந்தியை அசைக்கவில்லை. கெட்டியான பிளாஸ்டிக் தேடி வீட்டை அலசியபோது பெரியப்பாவின் பிஸ்கட் டின் கண்ணில் பட்டது.

பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தவர். டின்னுக்குள், கைக்குட்டையில் சுற்றி, ஒரு சிவப்பு அட்டை. அவர் படமும் பெயரும் இருந்தன. என் அறிவைப் பாருங்கள்: வீட்டுப் பெரியவர்கள் வைத்திருப்பது நீல அடையாள அட்டை. பிள்ளையான என்னுடையது இளஞ்சிவப்பு. பன்னிரண்டு வயதானால் நீலத்துக்கு மாற்ற வேண்டும். ஆகவே இது பெரியப்பாவின் சிறுவயது அட்டை, தூக்கிப்போட மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். படத்தில் அவருக்கு இருந்த அடர்ந்த மீசை என்னைத் துளியும் உறுத்தவில்லை. முகத்தை வெட்டுவது மரியாதையில்லை என்று மட்டும் தோன்றியது. எழுத்தில்லாத ஒரு மூலையை வெட்டி, சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்கினேன். பள்ளிக்கூடக் கூட்டாளி கொடுத்தாள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவனே வாசித்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, பெரியப்பாவுக்கு அரசாங்கக் கடிதம் வந்தது. பெரியப்பா சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். அந்தப் பிறப்பை யாரும் போய்ப் பதியவில்லை. ஆறு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் பிறந்த அப்பாவுக்கு நீலம் கிடைத்தது. பெரியப்பாவுக்குச் சிவப்பு: இங்கேயே தங்கிக்கொள்ளலாம், ஆனால் குடிமகன் இல்லை. குடியுரிமை கேட்டு நான்கு முறை மனுப் போட்டுக் கிடைக்காமல், ஐந்தாவது முறை கிடைத்திருக்கிறது. சிவப்பு அட்டையை ஒப்படைத்துவிட்டு நீலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தார்கள். சிவப்பு அட்டையைத் தொலைத்துவிடக் கூடாது என்றுதான் அவர் நகலைப் பையில் வைத்துக்கொண்டு, அசலை டின்னில் பத்திரப்படுத்தியிருந்தார். அம்மா கேசரி கிண்டினார். பெரியப்பா டின்னைத் திறந்தார்.

அட்டையில் ஒரு மூலை இல்லை. அண்ணன் சட்டைப்பையிலிருந்த பிக்கை எடுத்து அட்டையின் மூலையில் வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"கார்டு கெட்டுப்போனா போலீஸ் ரிப்போட்டு கேப்பாங்க லா. திரும்பவும் மொதல்ல இருந்து மனுப் போடச் சொன்னா என்னா செய்றது?" என்றான்.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"விடுடா, பிள்ளைக்கு என்னா தெரியும்," என்று பெரியப்பா தடுத்தார். ஆனால் அந்தத் துண்டை அட்டையோடு பொருத்திப் பொருத்திப் பார்ப்பதை அவரால் நிறுத்த முடியவில்லை. அவருக்கு நீலம் கிடைக்காமல் போனால் அது என்னால்தான் என்பது எனக்கு விளங்கிவிட்டது. படுத்துக்கொண்டே அழுதேன், குளித்துக்கொண்டே அழுதேன்.

திங்கட்கிழமை அப்பா பெரியப்பாவோடு என்னையும் ஈப்போ பதிவு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வெட்டினவளே வந்து சொல்லட்டும் என்றார். முகப்பு மேசையில் ஒரு மலாய்க்கார அக்கா இருந்தார். அப்பா அவரிடம் மலாயில் மன்னிப்பாகக் கேட்டுத் தள்ளினார். பெரியப்பா அட்டையை வைத்து, பக்கத்தில் பிக்கையும் வைத்தார். இது என்ன என்று அந்த அக்கா என்னைக் கேட்டார். நான் பிக்கை எடுத்து, விரலை மடக்கி, கட்டைவிரலைப் படுக்கவைத்து, காற்றில் மேலும் கீழும் மீட்டிக் காட்டினேன். இரண்டு நாள் அழுத களைப்போ என்னவோ, கையில் இறுக்கமே இல்லை. மணிக்கட்டு தானாக ஆடியது.

அந்த அக்கா சிரித்துவிட்டார். பிக்கை வாங்கி வைத்துக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பெரிய கத்தரிக்கோலை எடுத்து, சிவப்பு அட்டையை நடுவில் ஒரே வெட்டாக வெட்டினார். திரும்ப வாங்கும் அட்டையை எப்படியும் வெட்டித்தான் போடுவார்களாம். உங்கள் மகள் எனக்கு வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறாள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பெரியப்பாவிடம் நீல அட்டையைக் கொடுத்தார். அப்பா அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். போலீஸ் இல்லை, மனு இல்லை, எனக்கு அடியும் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி அதற்குப் பிறகு எந்தப் பரீட்சை முடிவிலும் வரவில்லை.

திரும்பும் வழியில் அப்பா ஓர் இசைக்கருவிக் கடையில் காரை நிறுத்தி மூன்று பிக் வாங்கினார். இனிமேல் வீட்டில் இருக்கிற மற்ற அட்டைகளாவது பிழைக்கட்டும் என்றார். பின்னிருக்கையில் பெரியப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீல அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தாடையிலிருந்து கண்ணீர் சொட்டியது. துடைக்கக்கூட இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

"பெரியப்பா, சத்தியமா இத நான் வெட்ட மாட்டேன்," என்றேன்.

"சரிம்மா," என்றார்.

பாவம், அந்தச் சிவப்பு அட்டையை இரண்டாக வெட்டியதற்குத்தான் அழுகிறார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.