வெள்ளவத்தையில் எடுத்த ஸ்வேட் ஜாக்கெட்

என் கணவரின் தங்கை லண்டனில் இருக்கிறாள். எனக்கு மச்சாள். வருடத்துக்கு ஒரு பெட்டி அனுப்புவாள். உள்ளே பழைய கோட்டுகள் இருக்கும். ஒன்றின் சிப் ஓடாது. ஒன்றின் கழுத்துப் பட்டியில் லிப்ஸ்டிக் காய்ந்திருக்கும். ஒன்றின் பொக்கெட்டில் யாரோ மூக்குத் துடைத்த டிஷ்யூ இருக்கும். "நுவரெலியாவுக்குப் போகேக்கை போடுங்கோ மச்சாள்" என்று போனில் சொல்வாள். அந்தக் குளிர் மலைக்கு நாங்கள் போய் எத்தனையோ வருடம். கொழும்பில், வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃப்ளாட்டில், ஃபேனை முழு வேகத்தில் விட்டும் வேர்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு அந்தக் கோட்டுகள் எதற்கு? ஆனால் என் கணவர் ஒன்றையும் எறிய விடமாட்டார். "தங்கச்சி அன்பா அனுப்பினது" என்பார்.

அன்பு என்றால் ஒரு புதுக் கோட்டை அனுப்பியிருக்கலாம்.

இது பெட்டியோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவளுடைய மகனின் கல்யாணத்துக்கு நாங்கள் லண்டன் போயிருந்தோம். விமான நிலையத்திலேயே ஒரு கறுப்புக் கோட்டை என் தோளில் போட்டாள். முழங்கை இரண்டும் தேய்ந்து மினுங்கியது. முழங்கால் வரை தொங்கியது. குளிர் தாங்காமல் போட்டுக்கொண்டேன். மண்டப வாசலில் யாரோ ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தபோது மச்சாள் சொன்னாள்: "அது எங்கடை பழசுதான். இவை கொழும்பிலை இருந்து வந்திருக்கினம். பாவம், அங்கை எங்கை கோட்?" என்னிடம் அல்ல, அந்தப் பெண்ணிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

போன வருடம் அவளுடைய மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. ஒக்டோபர் மாதம். திகதி சொன்ன அதே போனில், "கோட் வாங்கிச் சிலவழிக்காதேங்கோ மச்சாள், எயார்போட்டுக்கே கொண்டு வாறன்" என்றாள். நான் போனை வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன்: இந்த முறை என் சொந்த ஜாக்கெட்டோடுதான் இறங்குவேன். அதை இங்கே, கொழும்பில், என் சம்பளத்தில் வாங்குவேன். அவளுடைய பழசு என் தோளில் ஏறாது.

"ஏன் சும்மா சண்டையை வளர்க்கிறீர்?" என்றார்.

"இது சண்டை இல்லை. உடுப்பு."

"உம்மடை கொட்டாஞ்சேனை வாய் எண்டு அம்மா அப்பவே சொன்னவ."

ஓம், நான் கொட்டாஞ்சேனைதான். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவரின் மகள். எங்கள் வீட்டில் யாரும் யாருடைய பழசையும் போட்டதில்லை. கிறிஸ்மஸுக்கு ஒரு சட்டை என்றாலும் அது புதுச் சட்டை.

காலி வீதியில், நான் வேலை செய்கிற மருந்துக்கடையில் இருந்து கொஞ்சத் தூரத்தில், ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்புகளை விற்கிற கடை ஒன்று இருக்கிறது. வெளிநாடு போகிற சனம் எல்லாம் அங்கேதான் போகும். கடைக்காரர் ஒரு முஸ்லிம் மனிதர், பகிடிக்காரர். சனிக்கிழமை கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். குளிர் என்று சொன்னதும் காற்றடைத்த தலையணை மாதிரி ஒரு ஜாக்கெட்டை நீட்டினார். வேண்டாம் என்றேன். சேலைக்கு மேல் அதைப் போட்டால் காஸ் சிலிண்டருக்கு உறை போட்ட மாதிரி இருக்கும்.

"அப்ப ஸ்வேட் பாருங்க அக்கா. ஒக்டோபருக்கு அதுதான் சரி. பனி கொட்டுற காலத்துக்குச் சரிவராது, அத நான் மறைக்க மாட்டன்."

ஸ்வேட் என்பதும் தோல்தான். மினுங்குகிற மேற்பக்கம் இல்லை, உட்பக்கத்தை உரசி எடுத்தது. உள்ளங்கையால் தடவினேன். ஒரு பக்கம் தடவினால் வெளிறியது, மறுபக்கம் தடவினால் கறுத்தது. நல்ல பூனையைத் தடவுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் தொங்கிய மலிவான ஒன்றையும் தடவினேன். அதுவும் நிறம் மாறியது. அதனால் தடவிப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே கையை விட்டு, லைனிங் முடிகிற இடத்தில் ஓரத்தைப் பாருங்கள். மலிவானதில் துணி நெய்த கோடு தெரிந்தது. மற்றதில் தோலின் நார் பிசிறாக நின்றது. மணத்துப் பார்த்தேன். தோல் மணந்தது.

பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. பெண்களுக்கென்று தொங்கிய ஜாக்கெட் எல்லாம் இடுப்புக்கு மேலேயே முடிந்தன. பெண்களுக்கு இடுப்புக் குளிராதா? வெளியே இரண்டு பொக்கெட் மாதிரித் தெரிந்தது. கையை விட்டால் போகவில்லை. தைத்து மூடியிருந்தார்கள். பெண் என்றால் கடவுச்சீட்டை வாயில் கவ்விக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தார்களோ தெரியாது. தோள் இறுகியது. தோள் இறுகினால் தையல்காரரிடம் கொடுத்துத் திருத்தலாம் என்று நினைக்காதீர்கள். தோலில் ஊசி போன ஓட்டை மூடாது. பழைய தையலைப் பிரித்தால் அந்த ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். கடையில் தோளுக்குச் சரியாக இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

நான் நேரே ஆண்கள் பக்கம் போனேன். பால் தேத்தண்ணி நிறத்தில் ஒன்று. இடுப்பை மூடியது. தோளில் பொருந்தியது. உள்ளே கம்பளிச் சட்டை போட இடம் இருந்தது. நான்கு பொக்கெட், நான்கும் உண்மையானவை.

"அக்கா, அது ஜென்ட்ஸ்" என்றார் கடைக்காரர். "லேடீஸ் அந்தப் பக்கம் ஈக்கி."

"ஜாக்கெட் வந்து சொன்னதோ?"

"பட்டன் மத்தப் பக்கம் அக்கா."

"எனக்கு ரெண்டு கையும் இருக்கு."

அவர் சிரித்துவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார். என் கணவர் முருங்கைக்காய் மாதிரி ஒல்லி. ஆண்களின் ஜாக்கெட் ஒவ்வொன்றும் அவர் மேல் கொடியில் தொங்குகிற மாதிரித் தொங்கியது. அவராகவே கறுவாப்பட்டை நிறத்தில் ஒன்றை எடுத்துப் போட்டார். கச்சிதமாக இருந்தது. கண்ணாடியில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பட்டனைப் பூட்டும்போதுதான் முகம் மாறியது.

"இது பொம்பிளையளின்ரை எல்லோ!"

"சேருக்குத் தைச்ச மாதிரி ஈக்கி" என்றார் கடைக்காரர்.

அவர் அதைக் கழற்றிய வேகத்துக்கு லைனிங் கிழியாதது அதிர்ஷ்டம். கடைசியில், பின்னால் அடுக்கி வைத்திருந்ததில் ஆண்களின் மிகச் சிறிய அளவு ஒன்று, அதே கறுவா நிறத்தில் கிடைத்தது. பொம்பிளையின் ஜாக்கெட்டை ஆண் போட்டால் மானம் போகும், ஆணின் ஜாக்கெட்டைப் பெண் போட்டால் திமிர் என்பார்கள். திமிர் என்றால் திமிர்தான்.

வாங்கியதோடு முடியவில்லை. போட்டுப் பழக வேண்டும். மருந்துக்கடையில் ஏசி இருப்பதால் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு கல்லாவில் இருந்தேன். சேலைத் தலைப்பை ஜாக்கெட்டுக்குள் திணித்தால் முதுகில் திமில் வரும். வெளியே எடுத்துத் தோளில் பின் குத்தினால் தோலில் ஓட்டை விழும். தலைப்பைக் குறுக்கி, இடுப்பைச் சுற்றிச் செருகிவிட்டுப் போட்டால் நேராக விழுந்தது. மருந்தெடுத்துக் கொடுக்கிற சிங்களத் தம்பி சிரித்தான். "அக்கே, நுவர எலிய யனவாத?" என்றான், நுவரெலியாவுக்குப் போகிறீர்களா என்று. "லண்டன்" என்றேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

இரண்டு ஜாக்கெட்டையும் பழைய பருத்திச் சேலையால் மூடி, அலுமாரிக்கு வெளியே காற்றுப்படுகிற இடத்தில் தொங்கவிட்டேன். வெள்ளவத்தைக் கடற்காற்றில் தோலைப் பொலித்தீனுக்குள் போட்டு அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். எல்லாம் சரியாகச் செய்தேன். ஆனால் வீட்டுக்குள் இருக்கிற மனிதரை மறந்துவிட்டேன்.

பயணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. வேலையால் வந்து பார்த்தபோது என் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பக்கத்தில், பட்டனுக்குப் பக்கத்தில், பெரிய மஞ்சள் பொட்டு ஒன்று. ஈர மஞ்சள். தோல் அதை நன்றாகக் குடித்திருந்தது. என் கணவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன இது?"

"புது உடுப்பெல்லோ. மஞ்சள் வைக்காமல் போடக் கூடாது. தூரப் பயணம் வேறை."

"அதை உள்ளுக்கு, ஓரத்திலை வைக்க ஏலாதோ?"

"உள்ளுக்குக் கறுப்புத் துணி. வைச்சாத் தெரியாது."

"தெரியாட்டிக் கடவுளுக்கும் தெரியாதோ?"

நான் அவருடைய ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

"உங்கடைக்கு ஏன் வைக்கேல்லை?"

"உம்மடை பழுதாப் போச்செண்டு கண்டிட்டன். பிறகு வைக்கேல்லை."

அன்றைக்கு நான் கத்தியது கிருலப்பனை வரை கேட்டிருக்கும். சவர்க்காரம், தண்ணீர் ஒன்றும் போட முடியாது. ஈரம் பட்டால் பொட்டு பரவும், தோல் விறைக்கும். பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தேன். கொஞ்சமும் அசையவில்லை. நான் சமையலறையில் நிற்கும்போது அவர் முன்னறையில் போன் பேசுவது கேட்டது. "ஓம் தங்கச்சி, அவவின்ரை பழுதாப் போச்சு. நீ அந்தக் கோட்டைக் கொண்டு வா."

போனைப் பிடுங்கினேன்.

மறுபக்கத்தில் மச்சாள் சிரித்துக்கொண்டிருந்தாள். "நான் அப்பவே சொன்னனான் எல்லோ மச்சாள். அங்கத்தைச் சாமான் அப்பிடித்தான். நான் கோட்டைக் கழுவி வைக்கிறன்."

"ஒண்டும் கழுவ வேண்டாம். நான் என்ரையைத்தான் போடுவன்."

"மஞ்சளோடையோ?"

"மஞ்சளோடை எண்டாலும் போடுவன்."

அப்படிச் சொல்லிவிட்டேன். ஆனால் நெஞ்சில் மஞ்சள் பொட்டோடு அவள் முன்னால் நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மண்டபம் முழுக்க அதைச் சொல்லிச் சிரிப்பாள். அந்தப் பொட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் நான் தோற்றேன்.

மஞ்சள் பட்ட சேலையை வெயிலில் போட்டால் மஞ்சள் பறந்துவிடும். இது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜாக்கெட்டை வெயிலில் போட்டால் ஜாக்கெட்டும் சேர்ந்து வெளிறும். அடுத்த நாள் கடையில் இருந்தபோது யோசித்தேன். எங்கள் கடையில் சில மருந்துகள் மண்ணிறப் போத்தலில் வரும், வெளிச்சம் பட்டால் பழுதாகும் என்பதற்காக. அப்படியென்றால் வெளிச்சம் வேண்டிய இடத்துக்கு மட்டும் வெளிச்சத்தைக் கொடுக்கலாம். மருந்துப் பெட்டி மட்டை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மஞ்சள் பொட்டின் அளவுக்கு அதில் ஒரு ஓட்டை வெட்டினேன். ஜாக்கெட்டை விரித்து, பொட்டுக்கு நேரே ஓட்டை வரும்படி மட்டையை வைத்து, மிச்சத்தைச் சேலையால் மூடி, மொட்டை மாடியில் வைத்தேன்.

மழைக்காலம். காலையில் வெயில், பின்னேரம் இடி. வேலைக்குப் பிந்திப் போகிறேன் என்று கடையில் சொல்லிவிட்டுக் காலை முழுதும் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தேன். கீழ்வீட்டுப் பெண் உடுப்புக் காயப்போட வந்தாள்.

"என்ன அக்கா, மோர்மிளகாயோ?"

"ஜாக்கெட்."

"ஜாக்கெட்டுக்கும் வடகம் மாதிரிக் காவலோ?"

"காகத்துக்குக் காவல் இல்லை. எங்கடை வீட்டு மனிசனுக்குக் காவல்."

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மழை, வைக்கவே முடியவில்லை. பிறகு நல்ல வெயில் கிடைத்தது. மஞ்சள் எலுமிச்சை நிறமாகியது. பிறகு அதுவும் போனது. பயணத்துக்கு முதல் நாள் காலையில் மட்டையைத் தூக்கினேன். மஞ்சள் இல்லை! கொஞ்சம் வெளிறின வட்டம் மட்டும் இருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் பூனைமயிரைச் சீவுகிற மாதிரி ஒரு திசையாகச் சீவினேன். தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. மொட்டை மாடியில் தனியாக நின்று கைதட்டினேன். எதிர் ஃப்ளாட்டில் ஒருவர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். பார்க்கட்டும்.

லண்டனில் காலையில் இறங்கினோம். மச்சாள் வெளியே நின்றாள். கையில் அதே கறுப்புக் கோட். என்னைக் கண்டதும் முதலில் என் நெஞ்சைத்தான் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"எங்கை மஞ்சள்?"

"சோத்துக்குள்ளை."

கையை நீட்டி என் ஜாக்கெட்டின் கையைத் தடவினாள். நிறம் கறுத்தது. திருப்பித் தடவினாள். வெளிறியது. "ஒறிஜினல் ஸ்வேட் போலை" என்றாள். "எங்கை எடுத்தனீங்கள்?"

"வெள்ளவத்தையிலை."

"வெள்ளவத்தையிலை இதெல்லாம் விக்கினமோ?"

"இல்லை மச்சாள். அங்கை நாங்கள் வாழையிலைதான் உடுத்துறனாங்கள்."

பட்டன் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். "இது ஆம்பிளையளின்ரை எல்லோ?"

"ஓம். நாலு பொக்கெட்." நான்கிலும் கையை விட்டுக் காட்டினேன்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, இது மெல்லிசு. வெளியிலை சரியான குளிர். நீங்களாவது இதைப் போடுங்கோ."

இந்த மனிதர் வாழ்க்கையில் தங்கச்சிக்கு ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் கறுவா நிற ஜாக்கெட்டைக் கழுத்து வரை பூட்டினார்.

"வேண்டாம் தங்கச்சி. எங்களிட்டை இருக்கு."

எங்களிட்டை என்றார். மச்சாள் கோட்டைத் தன் கையிலேயே மடித்துப் போட்டுக்கொண்டு கார் வரை நடந்தாள். நான் முன் சீட்டில் ஏறினேன். அவள் காரை எடுத்து ஹீட்டரைப் போட்டாள், எங்களுக்குக் குளிரும் என்று. கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஸ்வேட், அதற்கு மேல் அந்த ஹீட்டர். முதுகில் வேர்வை ஓடியது.

"வேர்க்குது போலை. கழட்டுங்கோவன் மச்சாள்" என்றாள்.

"சுகமா இருக்கு" என்றேன். வீடு போய்ச் சேரும் வரை ஒரு பட்டன்கூடக் கழற்றவில்லை.