‘மீ ஃபர்ஸ்ட்’ போட்ட நாற்பத்தியோராவது யூடி

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

நேற்று மதியம், அவர் தொடர்கதை எழுதிவந்த தளத்தில் அவர் மகள் இரண்டே வரி போட்டிருந்தாள். “அம்மா இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். கதையை முடிக்க முடியாததற்கு வாசகர்கள் மன்னிக்கவும்.”

வாசகர்கள் மன்னிக்க வேண்டுமாம்... படித்ததும் முகம் எரிந்தது எனக்கு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. ஆறு வருடம் செக்கிங் டேபிளில் பக்கத்துப் பக்கத்தில் நின்று, சட்டைகளில் குறை பார்த்தோம்.

ஆவடியிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட் அவருக்கு. கட்டை விரலால் போனைத் தட்டிக்கொண்டே வருவார். பைபிள் படிக்கிறார் என்று பஸ்ஸே நினைத்துக்கொண்டிருந்தது. அங்கே ஹீரோ ஹீரோயினைத் திட்டிக்கொண்டிருப்பான்.

வேறு பெயரில் எழுதினார். கம்பெனியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“இன்னாடி, யூடி படிச்சியா?” என்பார் காலையில் முதல் வேலையாக. யூடி என்றால் அப்டேட், அன்றைக்குப் போட்ட அத்தியாயம்.

“சூப்பர்க்கா.”

“அட போடி. சூப்பர் சிஸ்னு போட்டுகினு போறதுக்கு நூறு பேரு கீறாங்க. நீ நெஜத்த சொல்லு. சட்டைல மட்டும் அவ்ளோ குறை கண்டுபுடிக்கிற?”

நானும் வாக்குக் கொடுத்தேன். கொஞ்ச காலம் காப்பாற்றவும் செய்தேன்.

ஒருமுறை ஹீரோ பெரிய காரில் வேலப்பன்சாவடியை ஐந்தே நிமிடத்தில் தாண்டிவிட்டான். “அந்த டிராஃபிக்லயா? ஏன்க்கா, பறந்தானா?” என்றேன். அடுத்த யூடியில் கார் பஞ்சர். ஹீரோ ஷேர் ஆட்டோவில், மீன் கூடைக்குப் பக்கத்தில்.

கமெண்டில் ஒரே கலவரம். ‘ரைட்டர் சிஸ், எங்க ஹீரோவை இப்படி அசிங்கப்படுத்தலாமா?’ என்று ஒருவர் அழுகிற எமோஜி பதினைந்து போட்டிருந்தார். டீ பிரேக்கில் அதை வாசித்துக் காட்டி, புரையேறும்வரை சிரித்தார் அக்கா.

பிறகு எனக்கு முகப்பேரில் வேறு வேலை கிடைத்தது. போன் நம்பரும் மாறியது. புது நம்பரை அக்காவுக்குச் சொல்லவில்லை. அதான் கமெண்டில் பார்த்துக்கொள்கிறோமே என்ற நினைப்பு.

அதற்குள் தளத்தில் நானும் ஒரு ஆளாகிவிட்டிருந்தேன். யூடி வந்ததும் முதல் ஆளாக ‘மீ ஃபர்ஸ்ட்’ போடுவது எங்கள் கூட்டத்தில் பெரிய கெத்து. பத்துப் பன்னிரண்டு கதைகளுக்கு நான்தான் ஃபர்ஸ்ட்.

கமெண்ட் போட்டுவிட்டு அப்புறம் படிக்கலாம் என்று ஆரம்பித்தது. அப்புறம் படிப்பது நின்றுபோனது. கமெண்ட் மட்டும் நிற்கவில்லை...

அக்காவின் கடைசிக் கதையில் ஒரு எபிகூட, ஒரு அத்தியாயம்கூட, நான் படிக்கவில்லை. நாற்பத்தியோரு எபிக்கும் நான்தான் ஃபர்ஸ்ட். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நாற்பத்தியோராவது யூடி மூன்று வாரத்துக்கு முன்னால் வந்தது. நேற்றுதான் திறந்து படித்தேன்.

அதில் கதையே இல்லை.

உடம்பு ரொம்ப முடியவில்லை, இனி எழுத முடியுமா தெரியவில்லை என்று வாசகர்களுக்கு நாலு வரி. அதற்குக் கீழே எனக்கு. பெயர் போடவில்லை. எனக்குத்தான்.

“செக்கிங் டேபிள்ல என் பக்கத்துல நின்னவளே, உன் பழைய நம்பர் போக மாட்டேங்குது. நீதான் எல்லாத்தையும் மொத ஆளா படிக்கிறியே, அதான் இங்க எழுதறேன். ஒருவாட்டி ஊட்டுக்கு வந்துட்டுப் போடி. கதைல மலரு புருஷன்கிட்ட திரும்பிப் போறதா, வேணாமான்னு எனக்கு முடிவே வரல. நீ நெஜத்த சொல்லு. நீ சொல்றதுதான் முடிவு.”

அதற்குக் கீழே முதல் கமெண்ட், என்னுடையது. ‘மீ ஃபர்ஸ்ட்! செம யூடி சிஸ், ஹீரோ வேற லெவல்! அடுத்த யூடி சீக்கிரம் ப்ளீஸ்!’

அக்கா அதற்கு ஒரு ஹார்ட் போட்டிருக்கிறார்.

திட்டியிருக்கலாம். “படிக்காம போட்டியாடி?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஹார்ட் போட்டிருக்கிறார்... படித்துவிட்டும் வராமல் இருக்கிறாள் என்று நினைத்தாரா, படிக்கவே இல்லை என்று புரிந்துகொண்டாரா? எது என்றாலும் எனக்கு வெட்கக்கேடுதான்.

முகப்பேரிலிருந்து ஆவடி என்ன தூரம். ஒரு பஸ்.

இதற்குக் கீழேயும் படிக்காமலே சிலர் ‘ஆழ்ந்த இரங்கல்’ போடுவீர்கள். உங்களைச் சொல்ல எனக்கு வாயில்லை.

நேற்றிலிருந்து உட்கார்ந்து ஒன்றிலிருந்து நாற்பதுவரை படித்தேன். இன்று மாலை நான்கு மணிக்கு அடக்கம். கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, இருபத்தேழாவது எபி இழுவை. கல்யாண வீட்டில் அத்தனை அத்தைகள் தேவையில்லை. மாமியார் பேசுவதெல்லாம் நம் சூப்பர்வைசர் பேச்சு, கண்டுபிடித்துவிட்டேன். முப்பத்து நான்கில் மலர் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுகிற இடத்தில் நானும் அழுதுவிட்டேன்.

மலர் திரும்பிப் போக வேண்டாம் அக்கா. அவன் மாறவே இல்லை.

போய் வாங்க.