பிசுக்கு விரலும் மூன்றாம் லெவலும்

இன்று தலைச்சோலை எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி செய்த விரல்ரேகை வருகைப்பதிவு ஆப்புக்கு முதல் நாள்.

காப்பிப் பழம் பறித்த பிசுக்கோடு ராசம்மாக்கா நான்கு முறை விரல் வைத்தார். பொருந்தவில்லை என்றே வந்தது.

ஆள்கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர், “அப்ப ஆப்சென்ட்தானுங்க” என்றார்.

“ஏனுங்க, கூடை நெறையப் பறிச்சிட்டு நிக்கறனுங்க. நான் வேலைக்கே வரலீங்களா?”

இந்த ஆப்பைச் சோதித்தவன் நான்தான். ஆபீசில், கழுவித் துடைத்த விரல்களை வைத்து. சோதனை லிஸ்ட்டில் பிசுக்கு விரலையும் சேர்க்கலாம் என்றதற்கு மேனேஜர், “நம்ம டெஸ்டிங் தரத்துக்கு மூணாவது லெவல் சான்றிதழ் குடுக்க ஆடிட் வருது, லிஸ்ட்டை மாத்தாதீங்க” என்று வாயை அடைத்துவிட்டார்.

இப்போது குரூப்பில் அவர் செய்தி. மூன்றாம் லெவல் சான்றிதழ் வந்துவிட்டதாம். கேக் வெட்டுகிறார்களாம். வெட்கமே இல்லை.

உங்கள் ஆபீஸ் எந்த லெவல்? கையைக் கழுவிவிட்டு வந்து சொல்லுங்கள்.