சித்தூருக்கு ஒரு புளோயர், நூற்றுப் பன்னிரண்டு குழாய்கள்

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை திருப்பதி வழியாகச் சித்தூருக்குக் கிளம்பினேன். திருப்பதி என்றதும் தரிசனமா என்று கேட்காதீர்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில், அதுதான் இழுத்துக்கொண்டு போனது. சித்தூரில் பழைய மிஷன் சபை ஒன்றில் பாடகர் குழுவை நடத்துபவர் ஜெபமணி அக்கா, ஓய்வு பெற்ற நர்ஸ். இடித்த தேவாலயங்களிலிருந்து வந்த இரண்டு உடைந்த குழாய் ஆர்கன்களைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொண்டிருந்தார். ஞாயிறு ஆராதனையில் அது பாடாவிட்டால் குழாய்கள் பழைய இரும்புக் கடைக்கு, சபைக்கு எலக்ட்ரானிக் கீபோர்டு. கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது.

காலை ஆறேகாலுக்கு சென்னையில் ரயில், ஒன்பது மணிக்கு ரேணிகுண்டா. குழாய்களுக்குக் காற்று கொடுக்கும் புளோயர் அங்கே ஒரு பட்டறையில் ரிப்பேருக்குக் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஆட்டோவில் திருப்பதி, பத்து கிலோமீட்டர், இருநூறு ரூபாய். டிரைவர், மலைப்படி தொடங்கும் அலிபிரிக்கா என்று கேட்டார். புளோயரைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிற வேண்டுதல் எனக்கு இல்லை. அங்கிருந்து சித்தூருக்கு எழுபது கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

போய்ப் பார்த்தால், கமிட்டிச் செயலாளர் காலேப் ஐயா, பண்டிகைக்குச் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல, எல்லாக் குழாய்களுக்கும் சில்வர் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். எந்தக் குழாய் எந்தச் சுரம் என்று பழையவர்கள் ஆணியால் கீறியிருந்த எழுத்தெல்லாம் உள்ளே போய்விட்டது. சுரண்டினால் மெல்லிய ஈயத் தகடு எழுத்தோடு உரிகிறது. இரண்டு ஆர்கன்களின் குழாய்களும் கலந்துவிட்டதால் நீளம் பார்த்து அடுக்கவும் வழியில்லை.

"அழகா இருக்கட்டும்னு அடிச்சிட்டாரு. திட்டிக்கினு இருந்தா குழாய் பாடுமா? ஊதிப் பாத்து வைப்போம்" என்றார் அக்கா.

ஈயத்தில் வாய் வைக்கக் கூடாதென்று ஒவ்வொருவருக்கும் ஒரு புது டிரிப் டியூபை வெட்டிக் கொடுத்தார். நர்ஸ் புத்தி! குழாயின் கீழ்முனைத் துளையில் டியூபைச் செருகி நாங்கள் ஊத, பாடகர் குழுப் பெண் ஒருவர் ஆர்மோனியத்தில் அதே சுரத்தைத் தேடிப் பிடித்தார். பெரிய குழாய்களுக்குப் புளோயர். சனிக்கிழமை முழுக்க இதே வேலை. எனக்குத் தலை சுற்றியது. அக்கா டீக்குக்கூட எழவில்லை. சாயங்காலத்துக்குள் ஆர்கனில் தன் இடத்தில் ஏறியவை நூற்றைந்து. ஏழு குழாய்கள் எந்தச் சுரத்திலும் பொருந்தவில்லை.

ஞாயிறு ஒன்பது மணிக்கு முதல் பாட்டு. அந்த ஏழும் இல்லாததால் நடுநடுவே ஓட்டை விழுந்தது. கீழே பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள், ஆர்கன் நின்ற இடத்தில் எல்லாம் குரலை உயர்த்தி இழுத்துக் கடந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் காலேப் ஐயா நேராக வந்தார். கீபோர்டு பேச்சுதான் என்று நினைத்தேன். "ஜெபமணி, அந்த ஏழும் எப்பம்மா ஏறும்?" என்றார்.

"மொதல்ல அந்த பெயிண்ட் டப்பாவ என்கிட்ட குடுங்க" என்றார் அக்கா.

போகிறவர்கள் சனிக்கிழமையே போங்கள், அன்றுதான் வேலை நடக்கும். செருப்பை வெளியே விடவேண்டும். உங்கள் கையிலும் ஒரு டியூபைக் கொடுப்பார்கள். மறுக்காமல் ஊதுங்கள், இன்னும் ஏழு இருக்கிறது.